பதினெட்டரை நிமிடம்

வெறும் திரவம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, பிளாங்க் என்று சொல்லுகிற ஓட்டம். இலை இல்லை, இலையின் சாறு இல்லை. திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்கிறது, தரையைத் தடவித் தடவிப் போகிற எறும்புபோல. மணி பத்து ஐந்து. இந்தக் கோடு பதினெட்டரை நிமிடத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக, அறுபத்தெட்டு வயதில், ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆன பிறகு, பழைய அடையாள அட்டையை ஆய்வுக்கூட வாசலில் காட்டிக் கெஞ்சி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பதினெட்டரையில் சின்னதாக ஒரு மேடு எழும்பினால் நான் தப்பித்தேன். எழும்பாமல் போனால் அடுத்து இலைச்சாற்றை ஓட்ட வேண்டும், அதில் எழும்பக் கூடாது. அதிலும் எழும்பிவிட்டால், பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சளாகிக் கிடக்கிற என் தங்கச்சி ஞானப்பூவை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது நான். இதை இப்படி முழுதாக மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதற்கே எனக்கு நாலு நாள் ஆயிற்று. பாதியில் வேறு நினைப்பு வந்துவிடும், பால் வாங்கவில்லையே, ஜன்னலைச் சாத்தினேனா, என்று. கைப்பை மடியில் இருக்கிறது. அதற்குள் போன் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஞானப்பூவின் மகள் ஹெலன் தன் அம்மாவுக்குப் பிளாஸ்கிலிருந்து கஷாயத்தை ஊற்றிக் கொடுப்பாள். நான் குடிக்கலாம் என்று சொன்ன கஷாயம். இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. ஒரு போன் பேசுவதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் முதலில் இந்தக் கோட்டைப் பார்த்துவிடலாம், நிச்சயமாகத் தெரியாமல் நோயாளியைக் கலவரப்படுத்தக் கூடாது. நோயாளி. பூவை நான் நோயாளி என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

“மேடம், ஃபேன் கூட்டவா? ஏசி அடிக்கற அடில நீங்க வெறைச்சுப் போயிருப்பீங்க, ஃபேன் எதுக்குன்னு கேப்பீங்க, இருந்தாலும் ஒரு மரியாதைக்குக் கேக்கறேன்” என்கிறான் முபாரக். இருபது வருடமாக இந்த அறையில் இயந்திரம் ஓட்டுகிறான், நான் இருந்த காலத்தில் ஒல்லியாக இருந்தான், இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. நான் தலையை ஆட்டுகிறேன், வேண்டும் என்றா வேண்டாம் என்றா எனக்கே தெரியவில்லை. “பிளாங்க்ல எதையோ எதிர்பாத்து உக்காந்திருக்கற ஒரே ஆள் நீங்கதான் மேடம். எல்லாரும் பிளாங்க் ஓடறப்பதான் டீ குடிக்கப் போவாங்க.” சிரித்துவிட்டுப் போகிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பழைய வேலை ஒன்றைச் சரிபார்க்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அது பொய்யும் இல்லை. இயந்திரத்தின் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருக்கிறது. இது புது இயந்திரம், என் காலத்தது இல்லை. பூஜையன்று யாரோ பக்கத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டார்களாம், மூன்று நாள் எதை ஓட்டினாலும் இது கற்பூரத்தையே காட்டிக்கொண்டிருந்ததாம். அப்படி ஒரு மூக்கு. ஒரு செடியின் சத்து உடம்புக்குள் போய் என்னவாக மாறும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இங்கே நான் பார்த்த வேலை. எலியைக் கொல்லாமல், மனிதருக்குக் கொடுக்காமல். உள்ளே வருகிற எதையும் ஈரல் முதலில் கொஞ்சம் எரித்துப் பார்க்கும், அதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம். அதையே விரல்நுனி அளவு அறை ஒன்றுக்குள், மின்சாரம் ஏற்றிய கரித்தகட்டின்மேல் சாற்றை உரசவிட்டுச் செய்துவிடலாம். ரத்தம் இல்லாத, பித்தம் இல்லாத, வலிக்காத ஈரல். அதிலிருந்து வெளியே வருகிறவற்றை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கும். எடை பதினாறு கூடியிருந்தால் ஒரு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது, பெரும்பாலும் சாதுவானது, சிறுநீரோடு போய்விடும். இரண்டு குறைந்திருந்தால் இரண்டு ஹைட்ரஜனைப் பறிகொடுத்திருக்கிறது. பறிகொடுத்தது பசியோடு இருக்கும். பக்கத்தில் எது இருந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளும், ஈரலின் சொந்தச் சதையானாலும்.

நோவடக்கி என்று எங்கள் பக்கம் சொல்லுகிற கொடி. மூட்டுவலிக்கு அதன் இலையைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதன் முக்கியமான சத்துக்கு எடை முந்நூற்று நாற்பத்திரண்டு. எரித்தபோது முந்நூற்று ஐம்பத்தெட்டு வந்தது, பதினாறு கூடியது, நல்லது. முந்நூற்று நாற்பது வந்ததா? பசித்தது பிறந்ததும் எதையாவது பிடித்துக்கொண்டு மறைந்துவிடும், நேரில் பார்க்க முடியாது. அதனால் ஈரல் தனக்குக் காவலாக வைத்திருக்கும் குளுட்டதயோன் என்ற பொருளை நாங்களே சாற்றில் கலந்து வைப்போம். பசித்தது ஒன்று பிறந்தால் அந்தக் காவலைக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட ஜோடிக்கு அறுநூற்று நாற்பத்தேழு. பதினாறு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அறுநூற்று நாற்பத்தேழு என் திரையில் பதினெட்டரையாவது நிமிடத்தில் எழுந்தது. பிறகு இலையே இல்லாத பிளாங்கை ஓட்டினேன், காவல் மட்டும் கலந்த வெறும் திரவம். அதிலும் அதே இடத்தில் மேடு இருந்தது. சிறியது, ஆனால் இருந்தது. அப்பாடா என்றேன். வாய்விட்டே சொன்னேன். இலையிலிருந்து வரவில்லை, குளுட்டதயோன் பாட்டிலில் இருந்த அழுக்கு என்று பக்கத்தில் எழுதினேன், அந்த மேட்டைக் கணக்கிலிருந்து நீக்கினேன், கொடி பாதுகாப்பானது என்று கட்டுரை அச்சாகியது. பிளாங்க் முதலில் ஓட வேண்டும். முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அன்று காலை கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்து இயந்திரம் மறுபடி சூடேறவே ஒரு மணி ஆகிவிட்டது, திங்கட்கிழமை வெளியூர்க் கமிட்டி வருகிறது. சாற்றை முதலில் ஏற்றினேன். பிளாங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எது முதலில் போனால் என்ன. சாறு போன குழாயில் சாற்றின் மிச்சம் ஒட்டியிருக்கும். அந்த மிச்சம் அடுத்து வந்த வெறும் திரவத்தில் கழுவிக்கொண்டு வரும். அந்த மிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் அப்பாடா என்றேனா? நாலு நாளைக்கு முன்னால் பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தபோது என் கையெழுத்திலேயே இருந்தது. சாறு, இரண்டு பத்து. பிளாங்க், இரண்டு ஐம்பத்தெட்டு. அழகான கையெழுத்து. காலேஜில் எல்லாரும் புகழ்ந்த கையெழுத்து. எட்டை நான் எப்போதும் மேலே சின்னதாகவும் கீழே பெரிதாகவும் போடுவேன், இடுப்பு உள்ள ஒரு பெண் மாதிரி. அந்த எட்டையே பார்த்துக்கொண்டு பரணுக்குக் கீழே ஸ்டூலில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது, பாத்திரத்தில் வைத்த முட்டை தண்ணீர் வற்றி வெடிக்கிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

பத்து இருபத்துமூன்று. பதினெட்டு நிமிடம் ஆகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், என் மூச்சு பட்டு அது கலைந்துவிடும் என்பதுபோல. எழும்பு. எழும்பேன். அழுக்கே, கொஞ்சம் வாயேன். வாழ்நாளெல்லாம் அழுக்கு இருக்கக் கூடாது என்று பாட்டிலைப் பாட்டிலாகக் கழுவினவள் இப்போது அழுக்குக்காக ஜெபம் பண்ணுகிறேன். பதினெட்டே கால். பதினெட்டரை. பதினெட்டே முக்கால். கோடு நேராகப் போய்விட்டது. அதற்கு என்ன தெரியும், தரையைத் தடவிக்கொண்டு போய்விட்டது. பத்தொன்பது. இப்போது எடுக்க வேண்டும் போனை. கை பையின் ஜிப்பைத் தொடுகிறது, ஜிப் பாதியில் சிக்குகிறது, எப்போதும் சிக்குகிற ஜிப்தான், இன்று அதற்கு நன்றி சொல்கிறேன். ஏனென்றால் யோசித்துப் பார்த்தால், இது புது பாட்டில். அந்தக் காலத்துக் குளுட்டதயோனில் அழுக்கு இருந்திருக்கலாம், இப்போது சுத்தமாகச் செய்கிறார்கள். ஆக பிளாங்க் சுத்தமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. சாற்றில் வர வேண்டும், சாற்றில் வந்தால்தான். இப்படித்தான் நான் நாற்பது வருடம் யோசித்தேன், இதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். இன்னும் ஒரு ஓட்டம், இன்னும் ஒரே ஒரு ஓட்டம், அதற்குப் பிறகு சொல்லலாம். நாலு நாளாக நாலு பதினொரு மணி போயிருக்கிறது. நாலு டம்ளர். நோட்டைத் திறந்த அன்றே சொல்லியிருந்தால் நாலு டம்ளர் குறைந்திருக்கும். பத்து நாளைக்கு முன்னால், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஹெலன் போனில் கேட்டாளே, “பெரியம்மா, கஷாயத்த நிப்பாட்டிரணுமா?” என்று. பிள்ளை அவளாகவே கேட்டாள். “அது ஒண்ணும் பண்ணாதுட்டி, நான் பாத்திருக்கேன், குடு” என்றேன். நான் பாத்திருக்கேன். அந்த இரண்டு வார்த்தையில் எத்தனை வருடப் படிப்பு, எத்தனை பெருமை. அச்சில் வந்த பிறகு அந்தக் கட்டுரையை யார் யார் படித்தார்கள், யார் யாருக்குச் சொன்னார்கள், எந்தெந்த அடுப்பில் எந்தெந்தக் காலையில் அந்த இலை கொதித்தது, யாரும் எனக்கு எழுதிச் சொல்லப் போவதில்லை. மஞ்சள் காமாலையில் போனார் என்று சொல்வார்கள். மஞ்சள் காமாலை எல்லாருக்கும் வருவதுதானே என்பார்கள். நான் இந்தப் பக்கம் யோசிக்கவே கூடாது. பூவைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டும், ஒரே ஒரு ஆள்தான் என்றால் தாங்கலாம். இல்லை, ஒரே ஒரு ஆள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். கண்ணின் வெள்ளை, பழைய புத்தகத் தாளின் நிறமாக இருந்தது. உள்ளங்கை அரிக்கிறது என்று சீப்பால் சொறிந்துகொண்டிருந்தாள். “பாத்தியாக்கா, நீ சின்னதுல என்னயக் கறுப்பி கறுப்பிம்ப, இப்பம் எப்பிடி இருக்கேன் பாரு, பொன்னு மாதி” என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளும் சிரித்தாள். வைரஸ் எதுவும் இல்லை என்று எல்லாப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. கல் இல்லை. குடி இல்லை, அவள் சர்ச்சில் கொடுக்கிற திராட்சைரசத்துக்கே முகம் சுளிப்பவள். காரணம் பிடிபடவில்லை என்றார் டாக்டர். காரணம் தெரிந்தால் அதற்குத் தக்க வைத்தியம் பார்க்கலாம், தெரியாமல் எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்க்கிற வைத்தியத்தையும் அந்த ஈரல்தான் தாங்க வேண்டும் என்றார். நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலடியில் அந்தப் பிளாஸ்க், சிவப்பு மூடி. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. தோன்றவில்லையா? சென்னைக்குத் திரும்பி வந்ததும் எதற்குப் பரணில் ஏறினேன்?

“முடிஞ்சுது மேடம். பளிங்கு மாதிரி இருக்கு பிளாங்க்” என்கிறான் முபாரக். பாராட்டாகச் சொல்கிறான். “சாம்பிள் போடட்டா?” போடு என்கிறேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் இலைச்சாறு, லேசான டீயின் நிறம். ஹெலனிடம் இலை அனுப்பச் சொல்லி வாங்கினேன், ஒரு ஆராய்ச்சிக்கு என்று. “எத்தன ஆராய்ச்சி பெரியம்மா, ரிட்டயர் ஆயும் விட மாட்டீங்களா” என்று அன்று மாலையே கூரியரில் போட்டுவிட்டாள். அதே டப்பாவிலிருந்து ஒரு கை எனக்கு, ஒரு கை அவள் அம்மாவுக்கு. ஊசி இறங்குகிறது, டிக் என்று ஒரு சத்தம். மணி பத்து நாற்பத்திரண்டு. முந்நூற்று நாற்பத்திரண்டு, பத்து நாற்பத்திரண்டு, இப்படி எண்ணில் அர்த்தம் தேடுகிறவர்களை நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன். கூட்டிப் பார்க்கிறேன். பதினொன்று அடித்து அரை நிமிடம். சாறு இங்கே பதினெட்டரையைத் தொடும்போது அங்கே டம்ளர் வாயைத் தொடும். இப்போது எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பேசலாம். என்ன சொல்வேன்? இன்றைக்கு மட்டும் குடிக்காதே என்றால் ஏன் என்பாள். சும்மா என்றால் நம்ப மாட்டாள், நான் சும்மா எதுவும் சொல்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு காரணம் ஒன்று சொல்லலாம், இலையில் பூஞ்சை என்று. பூஞ்சை நல்ல காரணம். டப்பாவில் ஈரம் பட்டிருக்கிறது, தூக்கிப் போட்டுரு ஹெலன். குற்றம் டப்பாவின்மேல் போய்விடும். ஹெலன் தன்மேல் எடுத்துக்கொள்வாள், நான்தான் மூடியைச் சரியாக மூடவில்லை என்று வாழ்நாளெல்லாம் அழுவாள். எவ்வளவு சுலபமாக எனக்கு இது வருகிறது பார்.

விளக்கெண்ணெய் நாள். மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, அம்மை எங்கள் இருவரையும் வெறும் வயிற்றோடு அடுப்பங்கரைப் படியில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பாலாடை எண்ணெய் ஊற்றுவாள். பூவுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. வாயைத் திறக்க மாட்டாள். “அக்கா குடிச்சாத்தான் நான் குடிப்பேன்” என்பாள். நான் முதலில் குடித்து, முகத்தைச் சுளிக்காமல், “ஒண்ணும் பண்ணாதுட்டி” என்று சொல்ல வேண்டும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவாள். ஒரு தடவை நான் குடிக்கவில்லை. வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்பாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அவள் பாலாடையை வாங்குகிற நேரத்தில் கிணற்றடிக்கு ஓடித் துப்பிவிட்டேன். கல்லின்மேல் எண்ணெய் வழிந்தது, வெயிலில் மினுங்கியது. திரும்பி வந்து “ஒண்ணும் பண்ணாதுட்டி” என்றேன். குடித்தாள். அன்று முழுக்க அவளுக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது, நான் திண்ணென்று இருந்தேன். அறுபது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. சின்ன விஷயம். இந்த நேரத்தில் இது ஏன் வருகிறது? வாயில் அந்தக் கொழகொழப்பு வருகிறது, துப்ப இடமில்லாமல் விழுங்குகிறேன். மூட்டு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது நான்தான் சொன்னேன், வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், நோவடக்கி குடி, நான் பாத்திருக்கேன். எனக்கும் மூட்டு வலிக்கிறதே. எனக்கு மாடிப்படி ஏற முடியவில்லையே. நான் ஒரு நாளாவது குடித்தேனா? கசக்கும் என்று குடிக்கவில்லை. அதுதான் உண்மை, கசக்கும் என்று.

பத்து ஐம்பத்துநாலு. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு பெரிய மேடு எழுந்து விழுந்தது, அது முந்நூற்று ஐம்பத்தெட்டு, சாதுவானது, பழைய சிநேகிதி. ஏசியிலிருந்து ஒரு சொட்டு நீர் மேஜை ஓரத்தில் விழுகிறது, முபாரக் அடியில் வைத்த பிளாஸ்டிக் கப்பில் டொக் என்கிறது. நான் நிச்சயத்துக்காகக் காத்திருக்கவில்லை. கோடு நேராகப் போனால் நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, அதற்காகத்தான் காத்திருக்கிறேன். அந்த ஒரு வாய்ப்புக்காக ஒரு டம்ளரை, இன்னொரு டம்ளரை, என் தங்கச்சியின் உடம்புக்குள் ஊற்றச் சம்மதித்து உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் செய்தது அவசரத்தில் வந்த தவறு. இது என்ன? ஜிப் சிக்குகிறது. இழுக்கிறேன். பல் இரண்டு தெறிக்கிறது. முபாரக் திரும்பிப் பார்க்கிறான். போனில் பூ என்ற பெயர் ஒற்றை எழுத்தாக இருக்கிறது, விரல் தவறிப் பக்கத்துப் பெயரில் படுகிறது, பால்காரர், அதை அணைத்துவிட்டு மறுபடி.

“என்னக்கா, இந்நேரத்துல? மெட்ராஸ்ல மழயா?” பூவே எடுக்கிறாள். குரல் காய்ந்த ஓலைபோல இருக்கிறது. ஹெலன் வந்துவிட்டாளா என்கிறேன். “வந்துட்டா. பிளாஸ்க வச்சுட்டு மருந்து வாங்கக் கீழ போயிருக்கா.” “ஏட்டி, அதக் குடிக்காத. கேக்கியா? ஒரு வாய் குடிக்காத. நான் தப்பாப் பாத்துட்டேன்.” அங்கே யாரோ இருமுகிறார்கள், தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது. “அது ஈரலக் கெடுக்கும்னு நெனைக்கேன். அப்பமே தெரிஞ்சிருக்கணும், நான் கவனிக்கல. தப்பு எம்மேலதான் பூ.” சொல்லிவிட்டேன். மேடு எழும்புமுன் சொல்லிவிட்டேன் என்று ஒரு அற்பப் பெருமை தலைதூக்குகிறது, அதன் கழுத்தைத் திருகலாம்போல இருக்கிறது. “நான் அதக் குடிக்கவே இல்லக்கா” என்கிறாள் பூ. “இங்க வந்து சேந்த அன்னைலேருந்து குடிக்கல. ஹெலன் அந்தப் பக்கம் போனதும் வாஷ்பேசின்ல ஊத்திருதேன்.” எனக்குக் கால்வழியாக ஏதோ இறங்கிப் போகிறது. சந்தோஷமாக இருக்கலாம். “உனக்கு எப்பிடிட்டி தெரியும்?” “நாலு மாசம் குடிச்சது நாந்தானக்கா. ரெண்டாம் மாசமே சோறு எறங்கல, மூத்திரம் கட்டங்காப்பி மாதிப் போச்சு. எனக்குத் தெரியாதா?” “பெறகு ஏன் நிப்பாட்டல?” “நீ பாத்திருக்கேன்னியே.” கோபம் இல்லாமல் சொல்கிறாள், மழையா என்று கேட்ட அதே குரலில்.

திரையை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்க்கிறேன், ஜன்னலில் ஒன்றும் இல்லை, கண்ணாடிக்கு உள்பக்கம் தூசி. “டாக்டர்ட்டச் சொன்னியா?” என்கிறேன். சொல்லியிருப்பாள், பத்து நாளாகக் குடிக்காதவள் சொல்லாமலா இருப்பாள். “ரெண்டு தடவ கேட்டாரு, நாட்டு மருந்து எதாச்சும் சாப்ட்டீங்களான்னு. இல்லன்னுட்டேன்.” “ஏட்டி!” முபாரக் நாற்காலியை நகர்த்துகிறான். “சத்தம் போடாத. சொன்னா எழுதுவாவ. யாரு குடுக்கச் சொன்னாம்பாவ. அக்கான்னு சொல்லவா? அக்கா என்ன வேல பாத்தான்னு கேட்டா? ஊருல பேப்பர்ல வந்த உம் படத்த வெட்டி நாங்க பிரேம் போட்டு வச்சிருக்கோம். கஷாயத்தாலன்னு ஹெலனுக்கே தெரியாது. தெரியாண்டாம்.” “உனக்குக் கிறுக்காட்டி? காரணம் தெரியாமத்தான அவரு இருட்டுல தடவிக்கிட்டு நிக்காரு?” அவள் லேசாகச் சிரிக்கிறாள், அல்லது இருமுகிறாள். “விளக்கெண்ணெய நீ கிணத்தடில துப்பிட்டு வந்தல்லா, ஞாபகம் இருக்கா? நான் படியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” “பாத்துமா குடிச்ச?” “நான் குடிக்கலன்னா நீ துப்புனது தெரிஞ்சிரும், அம்ம உன்னயல்லா அடிப்பா.”

கண் தானாகத் திரைக்குப் போகிறது. பதினொன்று அடித்து அரை நிமிடம். கோடு தலையைத் தூக்குகிறது. அவசரமே இல்லாமல், தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற ஆள்போல, முதலில் தோள், பிறகு தலை. ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது. மேலே அந்த எண், அறுநூற்று நாற்பத்தேழு, இயந்திரம் பிழையில்லாமல் எழுதுகிறது. “நல்ல பீக் மேடம்!” என்கிறான் முபாரக், எழுந்தே நின்றுவிட்டான், “இதத்தான தேடுனீங்க?” ஆமாம் என்கிறேன். போனில் பூ, “வச்சிருதேன்க்கா, டாக்டர் வந்துட்டாரு, ரெண்டு கட்டில் தள்ளி நிக்காரு” என்கிறாள். “வைக்காத. அவர்ட்டப் போனக் குடு.” “வேண்டாம்க்கா.” “குடுட்டி.” “எனக்கு இனி ஆகுறது ஆகும். நான் குடிக்காம இருந்தும் நேத்து மஞ்ச ஏறித்தான் இருக்குன்னாவ. உம் பேராச்சும் கெடக்கட்டும்க்கா. ரெண்டும் போகணுமா?” அழவில்லை. கெஞ்சுகிறாள், படியில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டிருந்த பிள்ளை, எனக்காகக் கெஞ்சுகிறாள். இப்போது நான் சரி என்று சொன்னால் போதும். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பழைய நோட்டு என் வீட்டில்தான் இருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு முபாரக் பெயர்கூட வைக்கவில்லை, டெஸ்ட் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறான். பூ எல்லாவற்றையும் எனக்காக யோசித்து வைத்திருக்கிறாள், எப்போதும்போலக் குடித்தும் வைத்திருக்கிறாள். “பூ” என்கிறேன், “நீ குடுக்கலன்னா நான் ஹெலனக் கூப்பிட்டுச் சொல்லுவேன். அவ கேட்டு அழணுமா, இல்ல டாக்டரு கேக்கணுமா, நீயே சொல்லு.” இதுவும் ஒரு மிரட்டல்தான். கடைசிவரை அவளை மிரட்டித்தான் எதையும் செய்யவைக்கிறேன். துணி உரசுகிற சத்தம். யாரோ “என்னம்மா” என்கிறார்கள். போன் கை மாறுகிறது.

“சொல்லுங்க, யாரு?” என்கிறது ஒரு ஆண்குரல், அவசரத்தில். நாலு நாளாக இந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன், பதவியும் படிப்பும் சேர்ந்த, நிதானமான வாக்கியம். அதில் ஒரு சொல்கூட வரவில்லை. “ஞானப்பூவோட அக்கா” என்கிறேன். “அவ நாலு மாசம் நோவடக்கிக் கஷாயம் குடிச்சிருக்கா. நான் சொல்லித்தான் குடிச்சா. அது ஈரல்ல என்ன ஆகுதுன்னு இப்ப என் முன்னால ஓடிட்டிருக்கு, அத உங்களுக்கு அனுப்புறேன். என் பேரு சுகிர்தம். எழுதிக்கோங்க.” பேனா மூடி கழலுகிற சத்தம் கேட்கிறது. பின்னால் பூ ஏதோ சொல்கிறாள், அது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் எழுதுகிறார். பிறகு, திட்டுகிற குரலில் அல்ல, களைத்துப்போன குரலில், “இத அட்மிட் ஆன அன்னைக்கே யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்லம்மா” என்கிறார். நான் ஆமாம் என்கிறேன். திரையில் மேடு இறங்கி முடிந்துவிட்டது. கோடு மறுபடி, பிளாங்கில் ஓடியது மாதிரியே, நேராக ஓடிக்கொண்டிருக்கிறது.